போன், லேப்டாப் மக்கர் பண்ணினால்: கடைக்கு வருமுன் பார்க்க வேண்டியவை

திருநெல்வேலி டவுனில் போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதே இல்லை. ஒரு பல்குத்தும் குச்சியோ, ஒரு ரீஸ்டார்ட்டோ, வேறொரு கேபிளோ போதுமாக இருக்கும். அதற்குக் காசு வாங்கவும் கூச்சமாக இருக்கிறது, வாங்காமல் அனுப்பினால் அடுத்த ஆளுக்கு நேரம் போகிறது. அதனால் தினமும் கேட்கப்படும் கேள்விகளையும், கவுன்டருக்கு இந்தப் பக்கமிருந்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, சார்ஜே ஏற மாட்டேங்குது. போர்ட் போயிருச்சா?

அநேகமாகப் போயிருக்காது. போனைத் திருப்பி, அடியில் இருக்கும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டைப்-சி போர்ட்டின் நடுவில் மெல்லிய நாக்கு மாதிரி ஒன்று இருக்கும். அதைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடம் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தெரிந்தால், அது உங்கள் சட்டைப் பையின் பஞ்சு. ஒவ்வொரு முறை சார்ஜர் குத்தும்போதும் அது உள்ளே போய் அழுந்தி, கடைசியில் கேபிள் முழுதாக இறங்காத அளவுக்குக் கெட்டியாகிவிடும். கேபிளைக் குத்தினால் 'டக்' என்று உட்காராமல் தொளதொளவென்று ஆடினால் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

போனை அணைத்துவிட்டு, மரத்தால் ஆன பல்குத்தும் குச்சியால் ஓரங்களை மெதுவாகச் சுரண்டுங்கள். நாக்கை நெம்பாதீர்கள். ஊசி, சேஃப்டி பின், ஹேர்பின் எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பின்கள் மிக மெல்லியவை, இரும்பு பட்டால் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். போன மாதம் ஒருவர் போனிலிருந்து நான் எடுத்த பஞ்சு ஒரு மிளகு அளவு இருந்தது. அவர் அதற்குள் புது சார்ஜர் இரண்டு வாங்கிவிட்டிருந்தார்.

ஏறுது, ஆனா விடிய விடியப் போட்டாலும் நிறைய மாட்டேங்குது.

எதில் குத்தியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கம்ப்யூட்டரின் பழைய யூ.எஸ்.பி ஓட்டை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்தான் தரும். இன்றைய போன்கள் 18, 33, 67 வாட் என்று கேட்கின்றன. தாமிரபரணியிலிருந்து டம்ளரில் மொண்டு தொட்டியை நிரப்புகிற கதைதான்.

சார்ஜர் சரியாக இருந்தும் மெதுவாக ஏறினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். வேகமாகச் சார்ஜ் செய்ய, போனும் சார்ஜரும் முதலில் கேபிள் வழியாகப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வர வேண்டும். பஸ் ஸ்டாண்டில் விற்கும் சில கேபிள்களில் அந்தப் பேச்சுக்கான கம்பியே இருக்காது. ஒப்பந்தம் படியாவிட்டால் போன் பழைய மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். ஒரு நிறுவனத்தின் 67 வாட் சார்ஜர் வேறொரு நிறுவனத்தின் போனை வேகமாகச் சார்ஜ் செய்யாததும் பெரும்பாலும் இதனால்தான். சார்ஜர் கெட்டதில்லை, இரண்டுக்கும் பாஷை வேறு.

சார்ஜ்ல போட்டா திரை தானா குதிக்குது, தொடாத எழுத்தெல்லாம் விழுது.

சார்ஜரை எடுத்தவுடன் நின்றுவிடுகிறதா? அப்படியானால் திரையில் பழுது இல்லை. உங்கள் விரல் உண்டாக்கும் மிகச் சிறிய மின் மாற்றத்தை வைத்துத்தான் தொடுதிரை வேலை செய்கிறது. மட்டமான சார்ஜர் அதே வழியில் மின் இரைச்சலைக் கலந்துவிடும். போனுக்கு எது விரல், எது இரைச்சல் என்று தெரியாது. சார்ஜரை மாற்றுங்கள். திரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் வேறு சார்ஜரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

லேப்டாப்ல கை வெச்சா சுர்ருனு இருக்கு. ஷாக்கா?

உலோக உடம்பு உள்ள லேப்டாப்பில் சார்ஜ் ஓடும்போது புறங்கையால் தடவினால் லேசாக விறுவிறுக்கும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் ஒரு சின்னக் கெபாசிட்டர் வழியாகக் கசிவது அது. மூன்று பின் பிளக்காக இருந்து, வீட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். இரண்டு பின் பிளக், அல்லது பெயருக்கு மூன்றாவது ஓட்டை இருந்து பின்னால் ஒயரே இல்லாத பழைய வீட்டு பிளக் பாயின்ட் என்றால் உங்கள் கைக்கு வரும். லேசான விறுவிறுப்பு ஆபத்து இல்லை. கையை உதறிப் போடும் அளவுக்கு அடித்தால் அது வேறு விஷயம்: உடனே சார்ஜரைக் கழற்றுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு என்னிடம் வர வேண்டாம்.

ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டா பேட்டரி வெடிச்சிருமா?

வெடிக்காது. நிறைந்ததும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு இரண்டு விஷயம் பிடிக்காது. ஒன்று சூடு, இன்னொன்று எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்பது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். தலையணைக்கடியில் போட்டு ராத்திரி முழுக்கச் சார்ஜ் செய்வது அந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதுதான். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் போய், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பல போன்களில் இருக்கிறது.

அக்னி நட்சத்திர நாட்களில் கார் டேஷ்போர்டில் மேப் போட்டு, சார்ஜிலும் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்கள் பேட்டரியைத் தாங்களே கொல்கிறார்கள். ஐபோன் 35 டிகிரிக்குள் பயன்படுத்த வேண்டிய சாதனம் என்று ஆப்பிளே சொல்கிறது. நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டுகிறது.

பின்மூடி லேசாக உப்பியிருக்கிறதா? மேசையில் வைத்தால் பம்பரம் மாதிரி சுற்றுகிறதா? அப்போது சார்ஜ் செய்யாதீர்கள், அமுக்காதீர்கள், காற்றை எடுத்துவிடலாம் என்று குத்தாதீர்கள். அணைத்துவிட்டு, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாமல் வைத்து, அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

தண்ணியில விழுந்துட்டு. அரிசியில போட்டு வெச்சிருக்கேன்.

எடுத்துவிடுங்கள். அரிசி போனுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, அரிசித் தவிடுதான் போர்ட்டுக்குள் போகிறது. நான் பிரித்துப் பார்த்த ஒரு போனில் ஸ்பீக்கர் வலைக்குப் பின்னால் தவிடு கஞ்சி மாதிரி காய்ந்திருந்தது. அரிசியில் போட வேண்டாம் என்று ஆப்பிள் தன் உதவிக் குறிப்பிலேயே எழுதிவிட்டது.

விழுந்தவுடன் எடுத்து அணையுங்கள். ஆன் ஆகிறதா என்று பார்க்கும் ஆசைதான் பல போன்களைச் சாகடிக்கிறது. தண்ணீர் மட்டும் இருந்தால் பிழைக்க வழி உண்டு, தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்தால் சர்க்யூட் அரிக்கத் தொடங்கும். சிம் ட்ரேயை உருவி, போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். உப்புத் தண்ணீர், மோர், காபி என்றால் காய வைத்துக்கொண்டு உட்காராமல் நேராகக் கடைக்கு வந்துவிடுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான்.

'வாட்டர் ப்ரூஃப் போன்தானே' என்று தாமிரபரணியில் குளித்துக்கொண்டே செல்ஃபி எடுப்பவர்களுக்கு: ஐ.பி.68 என்பது புதுப் போனை அசையாத நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்த சோதனை. இரண்டு முறை கீழே விழுந்து, ஒரு முறை திரை மாற்றிய போனுக்கு அது செல்லாது. தண்ணீர் போனால் வாரன்டியும் அநேகமாகக் கிடையாது. சிம் ட்ரே ஓட்டைக்குள் ஒரு வெள்ளை ஒட்டுத் துண்டு இருக்கும் போன்கள் உண்டு. ஈரம் பட்டால் அது சிவப்பாகிவிடும், சர்வீஸ் சென்டரில் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.

ஸ்டோரேஜ் ஃபுல்னு வருது. போட்டோ எல்லாத்தையும் அழிச்சிட்டேன், இன்னும் ஃபுல்.

முதலில், அழித்தவை குப்பைத் தொட்டியில்தான் இருக்கின்றன. அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். ஆனால் காலி செய்யுமுன் ஒரு நிமிஷம். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் போனிலிருந்து மட்டும் போகாது, ஆன்லைனில் சேமித்திருந்த பிரதியும் சேர்ந்து போகும். 'அங்கே பத்திரமாக இருக்குமே' என்று நினைத்து மகளின் கல்யாண ஆல்பத்தை அழித்துவிட்டு வந்த ஓர் அம்மாவுக்குக் குப்பைத் தொட்டியிலிருந்துதான் மீட்டுக் கொடுத்தேன். ஆன்லைனில் ஏறிய படங்கள் அந்தத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அவர் வந்தது இரண்டாவது வாரத்தில். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள்.

உண்மையில் இடத்தை அடைத்திருப்பது வாட்ஸ்ஆப்தான். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போங்கள். எந்த குரூப் எவ்வளவு தின்றிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பூங்கொத்தோடு காலை வணக்கம் அனுப்பும் சொந்தக்கார குரூப்தான் எப்போதும் முதலிடம். 5 எம்பிக்கு மேற்பட்டவற்றைத் தனியாகக் காட்டும் இடத்திலிருந்து அழிக்கத் தொடங்குங்கள். அப்புறம் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' பகுதியில் வீடியோவை அணைத்து வையுங்கள்.

128 ஜிபி மெமரி கார்டுன்னு வாங்கினேன், கம்ப்யூட்டர்ல போட்டா 119தான் காட்டுது. ஏமாத்திட்டானா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதே இடம்தான். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு 1 டிபி மெமரி கார்டு வாங்கியிருந்தால், ஆமாம், ஏமாற்றிவிட்டான். அதற்குள் 16 ஜிபியோ 32 ஜிபியோதான் இருக்கும். பெயரை மட்டும் மாற்றி எழுதியிருப்பார்கள். நிறைந்ததும் பழைய படங்களின் மேலேயே புதுப் படங்கள் விழும்.

ஓடிபி வர மாட்டேங்குது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகமாகத் திருப்பிக் கேள்வி கேட்பேன். நேற்று அல்லது இன்று சிம் மாற்றினீர்களா? தொலைந்த சிம்முக்கு டூப்ளிகேட் வாங்கினாலும், 5ஜிக்கென்று புது சிம் மாற்றினாலும், முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ் வராது, போகவும் போகாது. திருடன் உங்கள் பெயரில் சிம் எடுத்து வங்கிக் கணக்கைத் திறந்துவிடக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி அது. கால் வரும், நெட் ஓடும், எஸ்.எம்.எஸ் மட்டும் வராது. ஒரு நாள் பொறுங்கள். போனை ரீசெட் செய்துவிடாதீர்கள்.

சிம் மாற்றவில்லையா? வங்கியில் கொடுத்த நம்பர் இதுதானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பத்தில் இரண்டு பேருக்கு அது மகனுடைய நம்பராக இருக்கும். அடுத்து ரீசார்ஜ். வேலிடிட்டி முடிந்து சில நாளில் வரும் எஸ்.எம்.எஸ்ஸும் நின்றுவிடும். அடுத்து மெசேஜ் ஆப்புக்குள் 'ஸ்பாம் அண்ட் பிளாக்டு' பகுதி, ஓடிபி அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். எல்லாம் சரியென்றால் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள்.

கால்களும் வராமல், உங்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு வேறு யாரோ எடுக்கிறார்கள் என்றால், உங்களுக்கு வரும் கால்கள் வேறொரு நம்பருக்கு ஃபார்வர்டு ஆகியிருக்கின்றன. 'கூரியர் வந்திருக்கு, இந்த நம்பரை டயல் பண்ணுங்க' என்று நட்சத்திரக் குறியோடு எதையாவது சொல்லி டயல் செய்ய வைத்திருப்பார்கள். ##002# என்று டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும்.

சிக்னல் நாலு கோடு இருக்கு, ஆனா நெட் ஓட மாட்டேங்குது.

ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்று வீடியோ அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? கோடு முழுசாக இருக்கும், வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கோடுகள் காட்டுவது டவரின் குரல் உங்களுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைத்தான். அதே டவரோடு இன்னும் எத்தனை ஆயிரம் பேர் பேசுகிறார்கள் என்பது அதில் தெரியாது. அந்த நேரத்தில் போனை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பலன் இல்லை. இரண்டு தெரு தள்ளிப் போங்கள், அல்லது சாதாரண எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள்.

தேர் இல்லாத நாளிலும் இப்படியென்றால், அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தீர்ந்தபின் இணைப்பு துண்டிக்காது, எறும்பு வேகத்தில் ஓடும்.

வைஃபை ஹால்ல நல்லா வருது, ரூம்ல வரல.

ரௌட்டர் எங்கே இருக்கிறது? டிவிக்குப் பின்னாலா, பீரோ மேலேயா? இரும்பு பீரோ வைஃபைக்குச் சுவர். நிலைக்கண்ணாடியும் அப்படித்தான், அதன் பின்னால் உலோகப் பூச்சு இருக்கிறது. தரையிலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில், உயரமான திறந்த இடத்தில் வையுங்கள். பெரும்பாலான ரௌட்டர்கள் இரண்டு பெயர் காட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 மெதுவானது, சுவரைத் தாண்டி வரும். தூர அறையில் 2.4 போட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் அறுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அதுவும் 2.4ல்தான் ஓடுகிறது.

ரௌட்டரில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறதா? 'எல்.ஓ.எஸ்' என்று பக்கத்தில் எழுதியிருந்தால் ஃபைபர் ஒளியே வந்து சேரவில்லை. மஞ்சள் ஒயர் எங்காவது மடிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கலாம், அதற்கு மேல் லைன்மேன்தான்.

'உங்கள் போனில் 13 வைரஸ்கள்'னு அடிக்கடி வருது.

அது விளம்பரம். எப்போதோ ஒரு தளத்தில் 'அனுமதி' என்று கேட்டபோது தொட்டிருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களின் பெயர்களையெல்லாம் அணைத்தால் நின்றுவிடும். 'வைரஸை நீக்கு' என்று அது சொல்லும் ஆப்பை இறக்கினால்தான் உண்மையிலேயே வைரஸ் வரும்.

இதைவிட மோசமானது வாட்ஸ்ஆப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை. பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப் ஆகவோ வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே என்று இருந்தால் அது ஒரு ஆப். இன்ஸ்டால் செய்தால் உங்கள் எஸ்.எம்.எஸ்ஸை அதை அனுப்பிய திருடன் படிப்பான். செய்துவிட்டீர்களா? முதலில் ஏரோபிளேன் மோடு. அடுத்து வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் அழையுங்கள். அதன் பிறகு என்னைப் பாருங்கள்.

பழைய கம்ப்யூட்டர்ல எந்த வெப்சைட்டும் திறக்கல, 'பாதுகாப்பில்லை'ங்குது.

கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்றோ 2012 என்றோ இருக்கும். ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது, அதில் எந்தத் தேதியிலிருந்து எதுவரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரோ இன்னும் 2009ல் இருக்கிறது, அதன் கண்ணுக்கு எல்லாச் சான்றிதழும் எதிர்காலத்தில் அச்சடித்த கள்ள நோட்டு. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். மின்சாரம் போனபின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும், நகத்தால் நெம்பி மாற்றிவிடலாம். விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டும் சரியாகவில்லை என்று ஒருவர் வேறு கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். பில்லைப் பார்க்க எனக்கே வருத்தமாக இருந்தது.

தினமும் ஷட் டவுன் பண்றேன். நீங்க ஏன் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றீங்க?

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் என்பது முழுத் தூக்கம் இல்லை. மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும் என்று தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு படுக்கும். நேற்றைய கோளாறும் அதோடு எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் கழுவிவிட்டுத் தொடங்கும்.

லேப்டாப் ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது. புதுசு வாங்கிரவா?

வாங்குமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற இடம் 100 சதவீதத்திலேயே நின்றால், உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி போட்டால் அரை நிமிஷத்தில் எழுந்துவிடும். நான் செய்யும் வேலைகளிலேயே வாடிக்கையாளர் முகம் உடனே மலர்வது இதில்தான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம். 2025 அக்டோபர் 14 உடன் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பதிந்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை உண்டு. விண்டோஸ் 11 போட, டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதைவிடப் பழையதில் எஸ்.எஸ்.டிக்குச் செலவழிக்கலாமா என்பது நீங்கள் அதில் வங்கி வேலை பார்ப்பீர்களா, பிள்ளை படம் பார்க்குமா என்பதைப் பொறுத்தது. படம் மட்டும் என்றால் போடுங்கள்.

தமிழ் டாக்குமென்ட் திறந்தா இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக் கிடக்கு.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், டி.டி.பி சென்டர்காரர்களும் இதற்காகவே வருகிறார்கள். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடு பரவலாகும் முன், தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்தன. பாமினி எழுத்துருவில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி தட்டினால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பது அந்த நான்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அதுவே அம்மணமாக நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, வேஷம்தான் கலைந்திருக்கிறது.

எந்த எழுத்துருவில் அடித்தது என்று கண்டுபிடியுங்கள். அரசு அலுவலகத்திலிருந்து வந்தது என்றால் வானவில்லாக இருக்கலாம், இலங்கையிலிருந்து வந்தது என்றால் பாமினியாக இருக்க வாய்ப்பு அதிகம். வேர்டில் அந்த வரியின் மேல் கர்சரை வைத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். பிரிண்ட் மட்டும் எடுக்க வேண்டுமென்றால் அந்த எழுத்துருவை இன்ஸ்டால் செய்தால் போதும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பவோ கூகுளில் தேடவோ வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நடுவில் உண்மையான ஆங்கிலம் இருந்தால் அதையும் தமிழாக்கிவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் 'எம்.பி.ஏ' பட்டம் படிக்க முடியாத ஏதோ ஒன்றாகிப் பிழைதிருத்தம் வரை போய்விட்டது.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் அது வேறு நோய்: யூனிகோடு சரியாக இருக்கிறது, காட்ட எழுத்துரு இல்லை. கட்டமும் இல்லாமல், கொம்பு மட்டும் இடம் மாறி, 'கொ' என்பது துண்டு துண்டாகப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு வந்தால் அந்த மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. பழைய போட்டோஷாப்பில் இது சகஜம். புதிய பதிப்புகளில் டைப் செட்டிங்ஸுக்குள் தெற்காசிய மொழிகளுக்கான விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

தமிழ்ல ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்பினா ரெண்டு மெசேஜ் கழியுது.

ஆங்கிலத்தில் ஓர் எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி எண்ணாது. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடுக்கு ஐந்து. இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு.

ஜிபேல காசு போயிட்டு, கடைக்காரருக்கு வரல.

மறுபடி அனுப்பாதீர்கள், முதலில் நிலையைப் பாருங்கள். 'பெண்டிங்' என்றால் காத்திருங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, யூபிஐயில் பணம் கழிந்து எதிராளி கணக்கில் சேராவிட்டால், ஆளுக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியது ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். ஆப்புக்குள்ளேயே புகார் பதியுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடாதீர்கள். அங்கே கிடைக்கும் நம்பரில் பாதி, மிச்சப் பணத்தையும் வாங்கிக்கொள்ள உட்கார்ந்திருப்பவர்களுடையது.

போன் தொலைஞ்சுட்டு.

உடனே சிம்மை முடக்குங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்கி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ எண்ணைக் கொடுத்தால் அந்தப் போனை எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி தடுப்பார்கள். அந்தத் தளத்துக்கும் ஓடிபி வேண்டும், டூப்ளிகேட் சிம்மில் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ் வராது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் போன் பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். பெட்டியை வீசியிருந்தால் இப்போதே, போன் கையில் இருக்கும்போதே, *#06# டயல் செய்து காகிதத்தில் எழுதி வையுங்கள். அதைப் படம் பிடித்து அதே போனில் வைத்திருந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

சர்வீஸுக்குக் குடுக்கும்போது பாஸ்வேர்டு சொல்லணுமா?

பேட்டரியோ போர்ட்டோ மாற்றுவதற்குச் சொல்ல வேண்டியதில்லை. திரை மாற்றினால் தொட்டுப் பார்க்க வேண்டும், அப்போது நீங்களே வந்து திறந்து காட்டலாம். சில போன்களில் 'மெயின்டனன்ஸ் மோடு' இருக்கிறது, அதைப் போட்டால் உங்கள் படங்களும் மெசேஜ்களும் கடைக்காரர் கண்ணுக்கே தெரியாது. அது இல்லாவிட்டால் பேக்கப் எடுத்துவிட்டு, சிம்மையும் மெமரி கார்டையும் உருவிக்கொண்டு கொடுங்கள். பேட்டர்னை வரைந்து போனின் முதுகில் ஸ்டிக்கராக ஒட்டும் கடைகள் உண்டு. என் கடையிலும் முன்பு அப்படித்தான் ஒட்டினோம், ஒரு வாடிக்கையாளர் திட்டிய பிறகு விட்டுவிட்டோம்.

வாங்கிக்கொண்டு போகுமுன் அங்கேயே நின்று சிம் போட்டு ஒரு கால் பேசுங்கள், சார்ஜர் குத்துங்கள், முன் கேமரா, பின் கேமரா இரண்டையும் திறங்கள், காதில் வைத்தால் திரை அணைகிறதா என்று பாருங்கள். மாற்றிய பழைய டிஸ்ப்ளேயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய பேட்டரியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.